மாடிப்படியில் நின்றவன்

மார்ச் 9, திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தைப் பத்திரிகைகளில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். போனில் கூப்பிட்டால் உன் உதவியாளர் எடுத்து, "சார் ஷாட்ல இருக்காரு" என்கிறார். காலை ஏழு மணிக்கும் ஷாட், மதியம் மூன்று மணிக்கும் ஷாட். கடிதமென்றால் நீயே பிரித்துத்தானே ஆக வேண்டும்? அதனால்தான் இது.

அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய சாய்வு நாற்காலி வந்தது. அதன் பின்னாலேயே ஃபிரிட்ஜ் வந்தது. அதற்கும் பின்னால் அப்பாவுக்கு இரண்டு கம்பளிச் சட்டைகள். நாற்காலி வந்தபோது சந்தோஷப்பட்டேன். ஃபிரிட்ஜ் வந்தபோது யோசித்தேன். சட்டை வந்தபோது பயமாகிவிட்டது. கேட்காமல் கொடுக்கிற பழக்கம் உனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. சின்னப் பிள்ளையில் நீயாக வந்து ஒரு மிட்டாயை நீட்டினால், உள்ளே ஏதோ உடைந்து கிடக்கிறது என்று அர்த்தம். இப்போது எதை உடைத்தாய்?

இன்னொரு விஷயம். போன வியாழக்கிழமை ஒரு பெண் வந்தாள். உன்னைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாளாம். சாதாரண வீட்டுப் பிள்ளை எப்படி இவ்வளவு பெரிய டைரக்டர் ஆனான் என்பதுதான் புத்தகமாம். வாசலிலேயே நிற்கவைத்து அடையாள அட்டை கேட்டேன். காட்டினாள். ஜன்னலைப் பார்க்க உட்காரவைத்தேன். வெளிச்சம் முகத்தில் விழுந்தால் பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது முப்பது வருஷம் வக்கீல் ஆபீசில் டைப் அடித்த அனுபவம்.

என்ன பள்ளிக்கூடம், என்ன மார்க்கு என்று கேட்பாள் என்று நினைத்தேன். இவள் கேட்டதெல்லாம் வேறு. நீ எந்தப் படியில் உட்காருவாய், அங்கிருந்து யார் வீட்டுக் கதவு தெரியும், அப்பா ஆபீசுக்குப் போட்டுப்போன சட்டை இன்னும் இருக்கிறதா. அப்பா ஏன் வேலையை விட்டார் என்று மட்டும் மூன்று தடவை, மூன்று விதமாகக் கேட்டாள். வாயைக் கிளறுகிறவர்களை எனக்குத் தெரியாதா? "உடம்புக்கு முடியலை, விட்டுட்டாரு" என்று மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னேன்.

மற்றதை ஒளிக்காமல் சொன்னேன். அப்பா மின்சார ஆபீசில் மீட்டர் பார்க்கிறவர், லீவு நாளில் அவருடைய நோட்டைத் தூக்கிக்கொண்டு நீயும் வீடு வீடாகப் போவாய் என்று சொன்னேன். சாயங்காலம் வந்ததும் கட்டில் விரிப்பைத் திரையாகக் கட்டி, பார்த்த வீடுகளையெல்லாம் நடித்துக் காட்டுவாய். எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை இல்லை, எந்த வீட்டில் விருந்தாளி கிளம்ப மாட்டேனென்கிறார், எல்லாம் உனக்குத் தெரியும். என்னை நாற்காலியில் உட்காரவைத்து அழச்சொல்லிவிட்டு, "இவ்வளவு சத்தம் வேணாம்க்கா, பக்கத்து ரூம்ல ஆளு இருக்கிற மாதிரி அழு" என்பாய். அப்போது உனக்குப் பதினொரு வயது. அந்தப் பெண் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தாலும் கை எழுதிக்கொண்டே இருந்தது.

பதினாறு வயதில் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கப் போனது, பிறகு ஆபரேட்டர் அறையில் நின்று ஒரே படத்தை நாற்பது தடவை பார்த்தது, எந்த இடத்தில் ஜனங்கள் இருமுவார்கள் என்று முன்கூட்டியே சொன்னது, பத்தொன்பது வயதில் ஒற்றைப் பெட்டியோடு கிளம்பிப் போய் ஆறு வருஷம் கிளாப் அடித்தது, முதல் படம் நாலே நாள் ஓடியது, இரண்டாவது படம் உன்னை நிமிரவைத்தது, எல்லாம் சொன்னேன். பத்துப் படத்தின் கதை வசனத்தையும் நான்தான் டைப் அடித்தேன் என்றும் சொன்னேன். பெருமைதான், அதில் என்ன.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இந்தப் பதினோராவது படத்துக்கு மட்டும் எனக்கு ஒரு பக்கம்கூட வரவில்லை. கேட்டதற்கு, "இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லயே எழுதிடறோம்க்கா" என்றாய். போன படத்தின்போதும் கம்ப்யூட்டர் இருந்ததே? போன மாதம் இரண்டு பையன்கள் வந்து நம் மாடிப்படியை அளந்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். செட் போடவாம். ஊர் உலகத்தில் இல்லாத படியா இது? நாலாவது மாடி வரைக்கும் ஏறினால் மூச்சு வாங்குவதைத் தவிர இந்தப் படியில் என்ன இருக்கிறது?

அந்தப் பெண்ணை நீதான் அனுப்பினாயா என்று ஒரு வரி எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஏப்ரல் 2, வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. அரைப் பக்கம், அதுவும் யாரோ டைப் அடித்தது. கையெழுத்து மட்டும் உன்னுடையது. 'அந்தப் பெண் நல்லவள்தான். எல்லாம் சொல்லு. அப்பா வேலை விஷயம் மட்டும் வேண்டாம், அது படத்தில் வருகிறது, ரகசியமாக இருக்கட்டும்' என்று எழுதியிருக்கிறாய். அப்பா வேலை விஷயம் படத்தில் வருகிறது. அதை வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. சரி.

போன வாரம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். இந்தத் தடவை நானே உட்காரச்சொல்லிக் காபி கொடுத்தேன். நான் பத்துப் படத்துக்கு டைப் அடித்தவள் என்பதால் பதினோராவதையும் பார்த்திருப்பேன் என்று நினைத்துவிட்டாள். நானும் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை. உன் ஆபீசில் வாங்கினதாம், பையிலிருந்து உன் திரைக்கதையை எடுத்து ஒரு இடத்தை வாசித்தாள். மின்சார ஆபீஸ்காரர் ஒருவரைப் பற்றி மொட்டைக் கடிதம் வருகிறது. மேலதிகாரி அதைப் படிக்கிறார்: 'மற்ற வீடுகளில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர், அந்த ஒரு வீட்டில் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்.'

"இப்படி ஒரு விஷயத்தைக் கவனிக்க உங்க தம்பியாலதான் முடியும்" என்றாள். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். கழுவின டம்ளரையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கே பிடிபடுகிறது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், உனக்குப் பதினைந்து வயது, எனக்கு இருபது. தையல்கார அம்மா ஒருத்தி தனியாக இருந்த வீட்டுக்கு மட்டும் அப்பா மீட்டரைக் குறைத்து எழுதுகிறார் என்று ஆபீசுக்கு மொட்டைக் கடிதம் போனது. விசாரணை வைத்தார்கள். கடிதத்தின் நகல் ஒன்றை அப்பாவிடம் கொடுத்து விளக்கம் கேட்டார்கள். அப்பா சொல்லச் சொல்ல அந்த விளக்கத்தை டைப் அடித்தது நான். டைப் மெஷின் பக்கத்தில் அந்த நகல் கிடந்தது. செருப்பு வரியை நான் படித்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்கம்மாவுக்கும் தம்பிக்கும் இது தெரிய வேண்டாம்" என்றார். அன்றைக்கே நகலைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அம்மா சாகும்வரை அந்த வரியைக் கேட்டதில்லை. நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்பா சொல்லியிருப்பாரா? தன் வாயால்?

அப்படியானால் அந்த வரி உனக்கு எப்படித் தெரியும்?

தற்செயலாக உன் கற்பனையில் உதித்தது என்று எழுதாதே. இரண்டு நாள் நானே எனக்கு அப்படிச் சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை. உன் படங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் யாரோ ஒருவன் பாதி திறந்த கதவுக்கு வெளியே நிற்கிறான். விமர்சனம் எழுதுகிறவர்கள் அதை உன் பாணி என்கிறார்கள். நானும் டைப் அடிக்கும்போது அப்படித்தான் நினைத்தேன். அப்பா அந்த வீட்டுக்குள் போகும்போது உன்னை அந்த வீட்டுப் படியில் நிற்கச் சொல்லுவார், அப்படித்தானே? நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீ நின்றிருக்கிறாய். செருப்பு உள்ளே போவதைப் பார்த்திருக்கிறாய். பிறகு ஒருநாள் கடிதம் எழுதியிருக்கிறாய்.

அப்பாவை வேறு தெருவுக்கு மாற்றுவார்கள், அவ்வளவுதான் என்று உன் பதினைந்து வயதுப் புத்திக்குத் தோன்றியிருக்கும். அம்மாவுக்காகச் செய்திருப்பாய். அதுகூட எனக்குப் புரிகிறது. வேலையே போகும் என்று நீ நினைத்திருக்க மாட்டாய்.

ஆனால் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் ஆயிற்றே. இரண்டாவது மாடிக் குடைக்காரர் அப்பாவோடு வேலை பார்த்தவர். மழையோ வெயிலோ குடையில்லாமல் இறங்க மாட்டார். கடிதம் வந்த வாரம் அவர் மேலதிகாரி அறையிலிருந்து வெளியே வந்ததை யாரோ பார்த்தார்கள். அப்பாவின் தெருக்களும் பிறகு அவருக்கே போயின. போதாதா? அம்மா படியில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி பேசினாள். நீ என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அவருடைய மகனுக்கும் எனக்கும் பேசி முடித்திருந்த கல்யாணம் அந்தப் படியிலேயே முறிந்தது. அந்த மகன் இரண்டு வருஷம் காத்திருந்தார் தம்பி. ஆபீஸ் விட்டு வரும் வழியில் நின்று, "எங்கப்பா செஞ்சிருக்க மாட்டாரு, ஒரு தடவை நம்பிப் பாரு" என்றார். நம்பினால் அம்மாவைப் பொய்க்காரி ஆக்க வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். மூன்றாவது வருஷம் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அன்றைக்கு நீ எனக்கு ஒரு பேனா வாங்கித் தந்தாய்.

அந்தப் பெண்ணிடம் கதை எப்படி முடிகிறது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். கடிதத்தை எழுதினவர் கீழ்வீட்டுக்காரர்தான் என்று கடைசியில் தெரியவருமாம். அவர் கையில் குடை இருக்குமாம். அந்தக் காட்சியை மே மாதம் எடுக்கப் போகிறீர்களாம்.

நான் தப்பாகச் சந்தேகப்பட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்காக உன் காலில் விழக்கூடத் தயார். இல்லையென்று எழுது. உன் கையால் எழுது.

அக்கா


ஏப்ரல் 27, திங்கட்கிழமை

தம்பிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. பதிலுக்கு உன் மேனேஜர் வந்தார். அப்பாவையும் என்னையும் மலைப்பக்கம் எங்கேயாவது ஒரு மாதம் ஓய்வுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாயாம். டிக்கெட்டையும் கொண்டுவந்திருந்தார். அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். நீ எழுத வேண்டிய பதில் அதிலேயே வந்துவிட்டது.

மறுநாள் காலை அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து, செருப்பு வரியை ஒரு எழுத்து மாறாமல் சொன்னேன். பேப்பரை இறக்கவில்லை. அதற்குப் பின்னாலிருந்தே, "அவனுக்கு அப்பவே நல்ல கண்ணு" என்றார்.

அவருக்கு அன்றைக்கே தெரியும், தம்பி. நகலைப் படித்த நிமிஷத்திலேயே தெரியும். படியில் நின்றவன் ஒருத்தன்தானே. "பதினஞ்சு வயசுப் பையனை ஆபீஸ்ல கொண்டுபோய் நிறுத்தச் சொல்றியா? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அவனை வீட்டுக்குள்ள விட்டிருப்பாளா?" என்று என்னைக் கேட்டார். பிள்ளையைக் காப்பாற்றினாராம். "அப்ப நான்?" என்று கேட்டேன். இதற்குத்தான் பேப்பரை மடித்து வைத்தார். "உனக்கு வேற இடம் அமையும்னு நினைச்சேன்" என்றார்.

தையல்கார அம்மாவைப் பற்றியும் கேட்டேன். இந்த வயதில் அவரிடம் அதைக் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. தையல் மெஷினுக்குத் தொழில் கட்டணம் போட்டால் அவளால் கட்டியிருக்க முடியாது, பாவம் பார்த்துக் குறைத்து எழுதினேன், வேறொன்றுமில்லை என்றார். குறைத்து எழுத ஐந்து நிமிஷம் போதும். நீ எவ்வளவு நேரம் படியில் நின்றாய்? செருப்பை எதற்கு உள்ளே எடுத்துப் போனீர்கள் என்று கேட்டதற்கு, "வெளியில வெச்சா காணாமப் போயிடும்" என்றார். நம்பினேனா என்று கேட்காதே. இந்த வீட்டில் யார் சொல்வதை நம்புவது என்றே எனக்கு இப்போது தெரியவில்லை. அவருக்கு வேளைக்கு மருந்து கொடுக்கிறேன், காபி கொடுக்கிறேன். பேச்சு அவ்வளவாக இல்லை.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு நான் இரண்டாவது மாடிக்கு இறங்கிப் போனேன். முப்பத்திரண்டு வருஷமாகத் தினமும் கடந்துபோன கதவு. தட்டினது நேற்றுத்தான் முதல் தடவை. குடைக்காரரே திறந்தார். எண்பத்து நாலு வயது, மெலிந்துபோயிருக்கிறார், காது சரியாகக் கேட்கவில்லை. நான் மெதுவாகச் சொல்லிவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று போனவள். "என்னம்மா? சத்தமா சொல்லு" என்றார். இரண்டாம் தடவை சொன்னேன். கேட்கவில்லை. மூன்றாம் தடவை படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கக் கத்தினேன்: "அந்த மொட்டைக் கடிதத்தை எழுதினது நீங்க இல்லை! எங்க வீட்டு ஆள்தான்!" மேலேயும் கீழேயும் கதவுகள் திறந்தன. திறக்கட்டும் என்று நின்றேன். அம்மா அவரைப் பேசினபோதும் இதே கதவுகள் திறந்துதான் இருந்தன.

அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு நாற்காலியைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்து, படி முனையில் போட்டு, என்னை உட்காரச் சொன்னார். தான் நின்றுகொண்டார். "என் பொண்டாட்டி சாகிற வரைக்கும் நம்பலைம்மா. 'எழுதியிருந்தா எங்கிட்டயாவது சொல்லிடுங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்'னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுக்கூடக் கேட்டா. நான் எழுதலைன்னு சொன்னா, முகத்தைத் திருப்பிக்குவா" என்றார்.

பிறகு, யார் எழுதினது என்று கேட்டார்.

சொல்லத்தான் தம்பி போனேன். உன் பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உன் முகம் வந்தது, போஸ்டரில் இருக்கிற முகம் இல்லை, நோட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்பா பின்னால் ஓடுகிற முகம். வாய் திறக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் மாறியது. "நீயா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். என் தலையில் கையை வைத்து, "என் பையனைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாமேம்மா. அதுக்கு உங்கப்பா சோத்துல மண்ணைப் போடணுமா?" என்றார்.

மறுக்க வேண்டியதுதானே என்பாய். மறுத்தால் அடுத்த கேள்வி யார் என்பதுதான். எழுந்து மாடி ஏறி வந்துவிட்டேன்.

அவர் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் தன் அப்பாவுக்குப் போன் செய்வார், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக் கேட்டு அவர் காதில் கத்திச் சொல்வார். நேற்று செய்யவில்லை, மகளைப் பார்க்க வெளியூர் போயிருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் பேசுவான், அவனிடம் முதல் வேலையாக இதைச் சொல்லப்போகிறேன் என்று குடைக்காரர் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். குற்றமற்றவர் என்று ஆனதைத் தன் பிள்ளையிடம் சொல்ல அவருக்கு ஆசை இருக்காதா? சொல்லட்டும். ஆனால் சொன்னால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? இரண்டு வருஷம் வழியில் காத்திருந்தவர், தன்னைத் தட்டிக்கழிக்க நான்தான் அவருடைய அப்பாமேல் பழி விழ விட்டேன் என்று நினைப்பார். இத்தனை வருஷத்தில் நான் ஒன்றுக்கும் அழவில்லை, நேற்று இதை நினைத்து அழுதேன்.

படத்தை எடு. அது உன் தொழில், அதில் நான் தலையிட மாட்டேன். கடைசியில் எழுதினவன் யார் என்பதற்கு வேறு ஆள் வைத்துக்கொள், ஆளே இல்லாமலும் முடித்துக்கொள், உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடைக்காரரை மட்டும் விட்டுவிடு. இன்னொரு தடவை அவரை எல்லார் முன்னாலும் நிறுத்தினால், அது பதினைந்து வயதுப் பையன் தெரியாமல் செய்ததாக இருக்காது.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு, இல்லையென்று எழுதினால் பொய். ஆனாலும் அங்கே உன்னை யாராவது ஒரு சொல் சொன்னால் எனக்குத் தாங்காது. நன்றாக இரு. உன் பிள்ளைகள் உன்னை ஒருநாளும் சந்தேகத்தோடு பார்க்காமல் இருக்க வேண்டும்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வா. நேராக நாலாவது மாடிக்கு ஏறி வந்துவிடாதே. முதலில் இரண்டாவது மாடியில் கதவைத் தட்டு. அவருக்குக் காது கேட்காது, கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருக்கும். அதை முடித்துவிட்டு மேலே வா. சாப்பாடு எடுத்துவைத்திருப்பேன்.

உன் அக்கா